வெள்ளை ஜாம்பவான்

எங்கள் வீட்டில் எதுவும் நிற்பதில்லை என்று பார்கவி அண்ணி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்த பெண் நிற்கவில்லை. துளசி நிற்கவில்லை. தொட்டியில் விட்ட மீன்கள் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. "குழந்தையை மட்டும் எந்த தைரியத்துல விட்டுவெக்கிறது?" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அது பொங்கி வழிந்தது. சிந்து கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பார்கவி அண்ணி என் மனைவி லாவண்யாவின் அக்கா. திருச்சியில் பாங்க் ஆபீசர். அவர் வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு பையன்கள், ஒரு நாய், எப்போதும் யாராவது விருந்தாளி. எங்கள் வீட்டில் நானும் சிந்துவும். லாவண்யா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. அது 2004 மார்ச். அதற்குப் பிறகு எங்கள் கதவு காலையில் பால் பாக்கெட்டுக்குத் திறக்கும், மாலையில் எனக்குத் திறக்கும். வேறு யாரும் வருவதில்லை. வர வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

அண்ணி அவ்வப்போது பெங்களூர் வருவார். ஆஸ்டின் டவுனில் நாங்கள் இருக்கும் மாடி வீட்டைக் கழுவித் துடைப்பார். பருப்புப்பொடி அரைத்து டப்பாவில் போட்டுவிட்டுப் போவார். 2005 ஆகஸ்டில் வந்தபோது ஒரு முடிவோடு வந்தார். நவராத்திரிக்கு வருகிறேன், விஜயதசமி ராத்திரி ரயிலில் சிந்துவை அழைத்துப் போகிறேன், என் பையன்கள் படிக்கிற ஸ்கூலிலேயே இடம் பேசிவிட்டேன் என்றார். திரும்பிப் போக இரண்டு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

"சரி அண்ணி" என்றேன்.

அந்த நாட்களில் நான் எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் சரி. ஆட்டோக்காரர் சுற்றுவழியில் போனால் சரி. அதற்கு மேல் யோசிக்க அலுப்பாக இருந்தது.

மறுநாள் காலை சிந்து வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். எட்டு வயது. மூன்றாம் வகுப்பு.

"அப்பா, உலகத்துலயே நிக்க வெக்கறதுக்கு ரொம்பக் கஷ்டமானது எது?"

பொம்மசந்திராவில் குளிர் அறைகள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் என்ஜினியர். ரோஜாப் பூவுக்கும் மருந்துக்கும் குளிர் அறை செய்கிறோம். எனவே யோசிக்காமல் சொன்னேன்: "ஐஸ்."

அவள் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"அப்ப இந்த வருஷம் கொலுவுல ஐஸ் வெப்போம். கடைசி நாள் வரைக்கும் நிக்கணும். நின்னுட்டா, சிந்து வரமாட்டாள்னு நீ பெரியம்மாகிட்ட சொல்லணும்."

"பார்க்கலாம்" என்றேன்.

*

போன வருடம் துக்க வருடம். கொலு வைக்கவில்லை. இந்த வருடம் வைக்கலாமா என்று அண்ணியிடம் கேட்டபோது அவருக்கு ஒரே சந்தோஷம். லாவண்யாவின் பொம்மைகளை வெளிக்காற்றில் ஒருமுறை வைத்த மாதிரி இருக்கும், மஞ்சள் குங்குமம் கொடுக்க நான் இருக்கிறேன் என்றார். பத்து நாள் லீவு போட்டார்.

கொலுப்படிக்குக் கீழே பூங்கா அமைப்பது வழக்கம். அந்த இடத்தில் வடதுருவம் என்று சிந்து தீர்மானித்துவிட்டாள். செப்டம்பரில் அவள் வகுப்பு டீச்சர் செய்தித்தாளை எடுத்து வந்து காட்டியிருக்கிறார். வடதுருவத்துக் கடலில் மிதக்கும் பனி, சாட்டிலைட் வைத்து அளக்க ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு சுருங்கியதே இல்லையாம். பனிக்கரடி அந்தப் பனிமேல் நின்றுதான் சீல் பிடிக்க வேண்டும். பனி இல்லாவிட்டால் நீந்த வேண்டும். எத்தனை தூரம்தான் நீந்தும்?

"நீ நிக்க வெச்சுருவல்ல?" என்று கேட்டாள். கரடியையா ஐஸையா என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியில் கழித்துக் கட்டிய வாட்டர் கூலர் ஒன்று இருந்தது. அதன் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஒரு ஆள் படுக்கிற நீளத்தில் அலுமினியத் தட்டு செய்யச் சொல்லி, அடியில் செம்புக் குழாயைச் சுற்றிப் பற்றவைத்தேன். சுற்றிலும் தெர்மகோல். தட்டில் தண்ணீர் ஊற்றி நான்கு சொட்டு நீலம் விட்டால் கடல். கம்ப்ரஸரை பால்கனியில் வைத்து ஓடவிட்டேன். விடிந்தபோது கடலின் மேல் பனி மிதந்துகொண்டிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிவிட்டது.

மொட்டை மாடியில் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பாவின் பழைய அம்மிக்கல் கிடந்தது. அதைத் தூக்கி வந்து தட்டின் ஓரத்தில், கடலை ஒட்டிப் போட்டோம். அதன்மேல் ஃப்ரீசரில் உறைய வைத்த ஐஸ் கட்டிகளை அடுக்கினோம். அது கிரீன்லாந்து.

கரடிதான் கிடைக்கவில்லை. பொம்மைக் கடைகளில் எல்லாம் கேட்டோம். ஒரு கடைக்காரர் யானையைக் காட்டினார். இன்னொருவர், வெள்ளைப் பசு இருக்கிறது, தூரத்தில் வைத்தால் தெரியாது என்றார். சரி, கரடி இல்லாத வடதுருவம் என்று நான் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்தபோது ஹாலில் ஃபேனுக்குக் கீழே ஒரு கரடி காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைவெளேர் என்று இருந்தது. தலையில் தங்கக் கிரீடம். இரண்டு கையும் கூப்பியிருந்தது.

லாவண்யாவின் பட்டாபிஷேக செட்டில் இருந்த ஜாம்பவான். சிந்து தன் டிராயிங் பெயிண்டை அடித்திருந்தாள்.

"கிரீடத்தை என்ன பண்றதுன்னு தெரியலை. விட்டுட்டேன்" என்றாள்.

அண்ணி வந்து இறங்கியதும் பொம்மைப் பெட்டியைத்தான் திறந்தார். மரப்பாச்சி ஜோடியை எடுத்து, துடைத்து, சட்டை உடுத்தி, மேல் படியில் வைத்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாபிஷேகத்துக்கு வந்தபோது ராமர், சீதை, தம்பிகள், அனுமார், விபீஷணர் வரை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஜாம்பவானைக் காணோம்."

சிந்து விரலை நீட்டினாள். பனிமேல் கைகூப்பி நின்றவரை அண்ணி நெடுநேரம் பார்த்தார்.

"எங்கம்மா பண்ருட்டியில வாங்கினது" என்றார். அப்புறம், "இவ அம்மா சின்ன வயசுல அனுமாருக்குப் பவுடர் போட்டா. அதுக்கு இது தேவலை" என்றார்.

இப்போது கழுவினால் மண் கரைந்துவிடும். அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. அண்ணி ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். வைத்த பொம்மை வைத்ததுதான். விஜயதசமி அன்று படுக்க வைக்கிற வரையில் ஒருவரும் எடுக்கவோ நகர்த்தவோ கூடாது. ஜாம்பவானாக இருந்தாலும் சரி, பனிக்கரடியாக இருந்தாலும் சரி.

முதல் நாள் மாலை கீழ்வீட்டிலிருந்து கிருஷ்ணப்பா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். அவர் பின்னால் அவர் மனைவி. அவர்கள் வீட்டிலும் தசராவுக்குப் பொம்மை வைப்பார்கள். எங்கள் வீட்டுக்குப் புதுப் பொம்மை ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். கொண்டுவந்தது ஒரு பெங்குவின். இடுப்பு உயரம். வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வயிற்றில் 'யூஸ் மீ' என்று எழுதியிருந்தது. பார்க்குகளில் குப்பை போட வைத்திருப்பார்களே, அதே பெங்குவின். பார்க்குக்காக அவர் வாங்கிக் கொடுத்தாராம், சங்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"புத்தம் புதுசு. ஒரு பேப்பர்கூட இன்னும் தின்னலை" என்றார். முப்பது வருடம் தமிழர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர். அவர் தமிழில் குறை சொல்ல முடியாது.

சிந்துவின் முகம் மாறியது. வடதுருவத்தில் பெங்குவினே கிடையாது என்றாள். பெங்குவின் தெற்கே இருப்பது, கரடி வடக்கே இருப்பது, ஜென்மத்தில் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. அண்ணி அவள் தோளை அழுத்தினார். கொலுவுக்கு வந்த பொம்மையைத் திருப்பி அனுப்புவது வழக்கம் இல்லை. எனவே பெங்குவினை ஹாலின் தெற்கு மூலையில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு கிண்ணம் ஐஸ் வைத்தோம்.

அது தென்துருவம்.

*

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர். மறுநாள் அவர்கள் சொல்லி ஆறு பேர். கொலுவில் நிஜமாகவே ஐஸ் இருக்கிறது என்ற செய்தி நீலசந்திரா வரை போய்விட்டது. யார் யாரோ வந்தார்கள். தட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். சில்லென்று இருக்கிறது என்று கணவன்மாரையும் அழைத்து வந்தார்கள்.

சிந்து வாசலிலேயே பிடித்து உட்கார வைத்துப் பேசுவாள். பேச்சு முடிந்தால்தான் சுண்டல். பனி வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கடல் கறுப்பாக இருப்பதால் வெயிலை வாங்கிக்கொள்கிறது. எனவே பனி உருக உருக இன்னும் சீக்கிரம் உருகும். இதைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரிடமும், வீட்டில் ஆள் இல்லாத ரூமில் லைட் எரிகிறதா என்று கேட்பாள். பெரியவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, "இல்லை" என்று தலையாட்டுவார்கள்.

தின்ற தொன்னையைப் பெங்குவின் வாயில் போட்டுவிட்டுப் போனார்கள். அது மட்டும் ஏன் தனியாக நிற்கிறது என்று கேட்காதவர் இல்லை. "அது சவுத் போல், ஆன்ட்டி" என்பாள் சிந்து.

கிருஷ்ணப்பாவுக்கு ஒரு கவலை இருந்தது. இவ்வளவு ஐஸும் உருகினால் தட்டு நிரம்பி, தண்ணீர் அவர் வீட்டுக் கூரைக்கு இறங்காதா? நான் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி ஐஸ் துண்டு போட்டு அவர் எதிரில் வைத்தேன். உருகி முடியும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு வழியவில்லை. மிதக்கிற ஐஸ் ஏற்கெனவே தன் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் மிதக்கிறது, உருகினாலும் மட்டம் ஏறாது என்று விளக்கினேன். லாவண்யா போன பிறகு நான் ஒரு மனிதரிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"படிச்ச மனுஷன் சொன்னா சரிதான்" என்று நிம்மதியாக இறங்கிப் போனார்.

அண்ணி எல்லாவற்றையும் கவனித்தார். ஆனால் டிக்கெட்டைப் பற்றிய பேச்சு மாறவில்லை. சிந்துவின் சூட்கேஸில் ஸ்வெட்டரை வைத்தார். பிறகு திருச்சிக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று எடுத்துவிட்டார். சிந்து தினமும் காலையில் எழுந்ததும் தட்டைப் போய்ப் பார்ப்பாள். திரும்பி என்னைப் பார்ப்பாள். ஐஸ் நின்றுகொண்டிருந்தது.

*

ஆயுத பூஜை வந்தது.

பெங்களூரில் அன்றைக்குத் தெரு முழுக்க வண்டிகள் மாலை போட்டுக்கொண்டு நிற்கும். நடுரோட்டில் பூசணிக்காய் சிதறிக் கிடக்கும். எங்கள் கம்பெனிக்கு விடுமுறை. அண்ணி காலையிலேயே குளித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஆயுதங்களைத் தேடினார். அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் ஸ்பேனர் பெட்டி, சிந்துவின் புத்தகங்கள். பிறகு பால்கனிக்குப் போனார்.

இந்த வீட்டில் உண்மையாக உழைக்கிற ஆயுதம் இதுதான் என்றார். கம்ப்ரஸருக்குச் சந்தனம் பூசினார். குங்குமம் வைத்தார். சாமந்தி மாலை போட்டார். சூடம் காட்டினார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார்.

"இன்னிக்கு ஆயுதம் ஓய்வெடுக்கணும், தம்பி. நாளைக் காலையில மறுபூஜை பண்ணிட்டுத்தான் தொடணும்."

அக்டோபர் மாதம். மழைமூட்டம். ஆனால் வீட்டுக்குள் விளக்குகள், அடுப்பு, மாலையில் கூடப்போகும் கூட்டம். மறுநாள் காலை வரை தாங்காது என்று எனக்குத் தெரியும். கணக்குப் போடக்கூட வேண்டியதில்லை.

"சரி அண்ணி" என்றேன்.

சிந்து என்னைப் பார்த்தாள். அவள் புத்தகங்களும் பூஜையில் இருந்ததால் படிக்க வேண்டிய வேலையும் இல்லை. தட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானத்துக்குள் சின்னப் பனித் துண்டுகள் போய்விட்டன. கிரீன்லாந்தில் அம்மிக்கல் தெரிந்தது. ஜாம்பவான் நின்ற பனிப்பாறை மட்டும் ஒரு முறத்தின் அளவுக்கு மிஞ்சியிருந்தது. சிந்து நூலை வைத்து அதை அளந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளந்து, நூலில் மிஞ்சியதை என் முன்னால் தூக்கிக் காட்டினாள்.

கம்ப்ரஸரைத் தொடக் கூடாது. ஐஸ் வாங்கிவரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பெரிய கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஐஸ் ஃபாக்டரி பூட்டியிருந்தது, கதவில் வாழைமரம். கூல்டிரிங்ஸ் கடை பூட்டியிருந்தது. ஆஸ்டின் டவுன் மார்க்கெட்டில் யூஜினின் மீன் கடை மட்டும் திறந்திருந்தது.

யூஜினின் ஃப்ரீசரை நான் ஒருமுறை பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அவர் ஸ்கூட்டரிலும் மாலை தொங்கியது, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வண்டிக்கு ஏது சார் மதம் என்றார். விஷயத்தைச் சொன்னேன். பெட்டியிலிருந்து ஐஸைப் பாளம் பாளமாக அள்ளி என் கேன் நிறையப் போட்டார். மிச்சத்துக்குத் தன் கேன் ஒன்றையும் கொடுத்தார்.

"ஐஸு சுத்தம் சார். மீனு மேலதான் படுத்திருந்துச்சு" என்றார்.

எங்களுடையது சைவ வீடு. அண்ணி நவராத்திரியில் வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. அவர் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நானும் சிந்துவும் பின்வழியாக ஐஸைக் கொண்டுவந்தோம். தட்டில் தண்ணீர் ஏற்கெனவே விளிம்பில் நின்றது. கொஞ்சத்தை மட்டும் கடலில் போட்டோம். மீதியை எல்லாம் அம்மிமேல் மலையாக அடுக்கினோம். கிரீன்லாந்து அவ்வளவு உயரமாக எப்போதும் இருந்ததில்லை.

மாலை ஹால் நிறையக் கூட்டம். பண்டிகை நாள் என்று அண்ணி தெருவையே அழைத்திருந்தார். கிருஷ்ணப்பாவின் மனைவி கன்னடத்தில் தேவர்நாமா பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டே மூக்கைச் சுருக்கினார். அண்ணியும் அங்கே இங்கே திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஒரு வாடை?"

"அங்க அப்படித்தான் பெரியம்மா இருக்கும்" என்றாள் சிந்து. "கரடி சீல் திங்கும். நார்த் போல்ல பூ வாசனையா வரும்?"

கூட்டம் சிரித்தது. அண்ணி ஊதுவத்தி கொளுத்தினார்.

அந்த வாடை கீழ்வீட்டுப் பூனைக்கும் போயிருந்தது. அது யார் காலுக்கு நடுவில் நுழைந்து வந்ததென்று தெரியாது. அம்மியைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. ஒரே தாவல். கிரீன்லாந்தின் உச்சியில் நின்று நக்கியது. கால் வழுக்கியதும், இருந்த பாளம் அத்தனையும் சரிந்து கடலில் விழுந்தது.

தட்டு பொங்கியது. நீலத் தண்ணீர் நான்கு பக்கமும் வழிந்து ஹாலில் ஓடியது. உட்கார்ந்திருந்தவர்கள் பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். வெள்ளம் தெற்கே போய்ப் பெங்குவினைத் தொட்டது. அங்கிருந்து வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கியது. கீழே கிருஷ்ணப்பாவின் மனைவி அன்று காலை போட்ட ரங்கோலி இருந்தது.

"ஏன்ரீ மூர்த்தி" என்று என்னைக் கூப்பிட்டார் கிருஷ்ணப்பா. "ஏறாதுன்னு டம்ளர் எல்லாம் வெச்சுக் காட்டினீங்களே?"

"மிதக்கிற ஐஸ் உருகினா ஏறாது சார். கரைமேல இருக்கிறது கடல்ல விழுந்தா ஏறும்."

"அதையும் அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

நான் ஜாம்பவானைப் பார்த்தேன். விழுந்த பாளங்கள் மோதி அவர் பாறை பாதியாக உடைந்திருந்தது. மிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கால் தண்ணீருக்குள். வெள்ளைப் பெயிண்ட் பால் மாதிரி கடலில் கரைந்தது. இடுப்புக்குக் கீழே பழைய பழுப்பு நிறம் வெளியே வந்துகொண்டிருந்தது. பெயிண்டுக்குப் பிறகு மண். கைமட்டும் கூப்பியபடி இருந்தது.

சிந்து அழவில்லை. "அப்பா, கம்ப்ரஸர்" என்றாள்.

நான் பால்கனிக்கு நடந்தேன். அண்ணி குறுக்கே வந்தார்.

"தம்பி, பூஜையில இருக்கு. தொடக் கூடாது."

வழக்கமான வார்த்தை வாய் வரை வந்தது.

"இல்லை அண்ணி" என்றேன். "இப்பவே போடணும். அப்புறம், சிந்து திருச்சிக்கு வரலை. இங்கதான் இருப்பா."

இரண்டையும் ஒன்றாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது. குரலும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. சுண்டல் மெல்லும் சத்தம்கூட நின்றது. நான் பிளக்கைச் சொருகினேன். மாலையும் சந்தனமுமாக இருந்த கம்ப்ரஸர் ஒருமுறை உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

கிருஷ்ணப்பாதான் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்மா. ஜாம்பவான் முழுகறாரு."

அண்ணி திரும்பிப் பார்த்தார். எடுத்து வெளியில் வைத்துவிடட்டுமா என்று யாரோ கேட்டார்கள். கூடாது என்றார் அண்ணி. வைத்த பொம்மை வைத்ததுதான். ஆனால் அவர் பாங்க் ஆபீசர். விதியை மீறாமல் விதிக்குள் வழி கண்டுபிடித்துத்தான் பழக்கம்.

"பொம்மையைத்தான் நகர்த்தக் கூடாது. அடியில தட்டு குடுக்கலாம்" என்றார்.

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார். வெற்றிலை பாக்கு வைத்திருந்த எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்துக் காலி செய்தார். இரண்டு கையையும் முழங்கை வரை ஐஸ் தண்ணீரில் விட்டு, தாம்பாளத்தைப் பாறைக்கு அடியில் கொடுத்து, தூக்கிப் பிடித்தார். ஜாம்பவான் நிமிர்ந்தார்.

"எவ்வளவு நேரம் தம்பி?"

"மறுபடி உறைய ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கொஞ்ச நேரத்தில் அவர் கை சிவந்துவிட்டது. கிருஷ்ணப்பாவின் மனைவி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். அவருக்கு அடுத்து எதிர்வீட்டுக்காரர். அடுத்து நான். அதற்குப் பிறகு ஒரு வரிசையே நிற்க ஆரம்பித்தது. நீலசந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மாள், திருப்பதியில்கூட இப்படி நின்றதில்லை என்றார். பிடித்து முடித்தவர்களுக்கு அண்ணி சூடாகக் காபி கொடுத்தார். பாட்டு மறுபடி தொடங்கியது. கீழே போய்ச் சொல்லியிருக்கிறார்கள் போல. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் படியேறி வந்து, வெள்ளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை நீட்டினார்கள்.

யூஜின் தன் கேனைத் திரும்ப வாங்க வந்தார். அவர் முறையும் வந்தது. எல்லோரையும்விட அதிக நேரம் பிடித்தவர் அவர்தான். கை பழகியது. கதை கேட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே பிடித்தார். நீங்கள் யார் என்று அண்ணி கேட்டார்.

"ஐஸு குடுத்தது நான்தாம்மா. மார்க்கெட்ல மீன் கடை."

அண்ணி கிரீன்லாந்தைப் பார்த்தார்.

"அப்ப அந்த வாடை?"

"வஞ்சிரம்மா" என்றார் யூஜின் பணிவாக. "நல்ல வஞ்சிரம்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். சிந்து என் முதுகுக்குப் பின்னால் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. ஜாம்பவானுக்கு அடுத்தபடியாக ஹாலில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

தண்ணீரின் மேல் ஏடு கட்ட ஆரம்பித்த சமயம் கிருஷ்ணப்பாவின் முறை வந்தது. குனிந்து தாம்பாளத்தைப் பிடித்தவர் அப்படியே யோசித்தார்.

"ஏன்ரீ, அடியில ஒரு செங்கல் வெச்சா ஆகாதா?"

நான் என்ஜினியர். எனக்குத் தோன்றவில்லை. எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் இரண்டு செங்கல் கொண்டுவந்தார். தாம்பாளம் அவற்றின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

"எனக்கு அப்பவே தோணுச்சு" என்றார் அண்ணி, கையைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப ஏன் பெரியம்மா சொல்லலை?"

"வீடு நிறைய ஆளு. நான் எதுக்குக் கலைக்கணும்?"

*

விஜயதசமி காலையில் கடல் கெட்டியாக உறைந்திருந்தது. ஜாம்பவான் நடுவில் நின்றார். இடுப்புக்கு மேலே வெள்ளை, கீழே பழுப்பு. காலில் ஒரு விரல் கரைந்திருந்தது. கீழே வெயில் காலம், மேலே குளிர்காலம் என்று வந்தவர்களிடம் சிந்து விளக்கினாள். வஞ்சிர வாடை போகவில்லை.

அண்ணி புத்தகங்களுக்கும் ஸ்பேனருக்கும் மறுபூஜை செய்தார். பால்கனிக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸரின் எதிரில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார். அங்கே திறந்தபடி கிடந்த சிந்துவின் சூட்கேஸிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். மடித்ததை சூட்கேஸில் வைக்கவில்லை. பக்கத்தில் அடுக்கினார்.

"ஸ்டேஷனுக்குப் போய் ஒரு டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு வாங்க, தம்பி."

"சரி அண்ணி."

"மே மாசம் முழுக்க என்கிட்ட அனுப்பணும்."

"சரி."

"எல்லாத்துக்கும் சரி சொல்லாதீங்க. நேத்து மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"மே மாசம் பாதி" என்றேன்.

அவர் சிரித்தார். லாவண்யாவும் அப்படித்தான், மூக்கால் சிரிப்பாள். அடுத்த வருடம் ஜாம்பவானுக்குத் தானே பெயிண்ட் அடிக்கப்போவதாகவும், எனாமல் பெயிண்ட்தான் அடிக்கப்போவதாகவும் அண்ணி சொன்னார்.

ரயில் இருந்ததால் விளக்கு வைத்ததுமே கொலுவை முடித்துக்கொண்டோம். ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும். ஜாம்பவானைப் படுக்க வைக்கலாம், பத்து நாள் அவர் பட்ட பாடு போதும் என்றார் அண்ணி. சிந்து ஒப்புக்கொள்ளவில்லை. ஆண் பனிக்கரடி குளிர்காலத்தில் தூங்காது. அக்டோபரில்தான் அங்கே கடல் மறுபடி உறைய ஆரம்பிக்கும். இவ்வளவு நாள் பசியோடு காத்திருந்த கரடி இனிமேல்தான் வேட்டைக்குப் போக வேண்டும்.

"அப்ப யாரைப் படுக்க வெக்கறது?"

மூன்று பேரும் தெற்கே பார்த்தோம்.

பெங்குவின் கனமாகத்தான் இருந்தது. அண்ணி தலையைப் பிடித்தார், நான் அடியைப் பிடித்தேன், சிந்து தாங்கிக்கொண்டாள். மெதுவாகச் சாய்த்துத் தரையில் கிடத்தினோம். பிளந்த வாயிலிருந்து ஊரார் தின்ற சுண்டல் தொன்னைகள் அத்தனையும் ஹால் முழுக்கக் கொட்டின.

அண்ணி துடைப்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.